இறந்தவர் பக்கத்தில் ஒரு பெயர்

சனிக்கிழமை பிற்பகலில் மாவு பிசையும் அந்த இரண்டு மணி நேரம்தான் அக்லயாவுக்குச் சொந்தம். வாரத்தின் மீதி நேரமெல்லாம் அவள் கணவன் தொவாதெரின் இடது கையில் இருந்த ஆட்டுமணிக்குச் சொந்தம். ஆறு வருடங்களுக்கு முன்னால் பக்கவாதம் அவனுடைய வலது பக்கத்தை வாரிக்கொண்டு போனபோது, கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று அவளே தொழுவத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்து கொடுத்த மணி அது. பிறகு அந்த நாளை எத்தனையோ முறை சபித்திருக்கிறாள். தண்ணீருக்கு ஒரு தடவை, தலையணைக்கு ஒரு தடவை, மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஒரு தடவை, ஒன்றுமே இல்லாமல் ஒரு தடவை.

ஞாயிறு பூசைக்கு ஐந்து அப்பம் சுட்டுக் கொடுப்பது அவள் பொறுப்பு. மாவு, தண்ணீர், உப்பு, புளித்த மாவு. இதைத் தவிர ஒரு துளி எண்ணெய்கூடச் சேரக்கூடாது. பிசைகிறவள் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். யாரோடும் பகை இருக்கக்கூடாது. பிசைகிறபோது வம்பு பேசக்கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனையால்தான் ஊரில் முக்கால்வாசிப் பெண்களுக்கு அந்த வேலை கிடைக்காமல் போயிற்று என்று தொவாதெர் சொல்வான். வாய் கோணிப் போயிருந்தாலும் நக்கல் மட்டும் கோணவில்லை.

காலங்காலமாக அது விதவைகள் செய்கிற வேலை. தொவாதெர் படுக்கையில் விழுந்த அதே வருடம், முன்பு சுட்டுக்கொண்டிருந்தவள் இறந்துபோனதும், பாதிரியார் கவ்ரில் என்ன நினைத்தாரோ, அப்பத்தின் மேல் அழுத்துகிற மரமுத்திரையை அக்லயாவின் கையில் கொடுத்துவிட்டார். தொவாதெரின் தங்கை ருக்ஸாந்தாவுக்கு அது ஆறாத புண். அவள் கணவன் ஒன்பது வருடத்துக்கு முன்பே கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தவன். முறைப்படி முத்திரை தனக்கு வரவேண்டியது என்று அவள் நினைத்ததில் தப்பும் சொல்ல முடியாது. "நான் முழு விதவை, எனக்கு இல்ல. எங்க அண்ணி அரை விதவை, அவங்களுக்கு முத்திரை" என்று கிணற்றடியில் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது, பெயர் ஊரெல்லாம் நடந்தது.

அரை விதவை. அக்லயா அதைக் கேட்டும் கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டாள். கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

கிறிஸ்துமஸ் நோன்பின் இரண்டாவது ஞாயிறு அது. வெளியே முழங்கால் வரை சேறு. கோயிலுக்குள் நனைந்த கம்பளி வாடையும் மெழுகுவர்த்தி வாடையும். அக்லயா வழக்கமான தூணில் சாய்ந்து நின்றாள். காலையில் இருட்டோடு எழுந்து தொவாதெருக்குத் துடைத்துவிட்டு, துணி மாற்றி, அடுப்பில் விறகு வைத்து, அப்பங்களையும் பெயர்ச் சீட்டையும் பாதிரியாரிடம் சேர்த்துவிட்டு வந்திருந்தாள். நின்றபடியே தூங்குவது அவளுக்குக் கைவந்த கலை. யார் பார்த்தாலும் பக்தியில் கண் மூடியிருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

சுவிசேஷம் முடிந்ததும் பாதிரியார் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சீட்டு வரும். ஒரு பக்கம் உயிரோடு இருப்பவர்கள், மறுபக்கம் இறந்தவர்கள். விடியற்காலையிலேயே பாதிரியார் தனியாக நின்று, ஒவ்வொரு பெயருக்கும் அப்பத்திலிருந்து ஒரு துணுக்கைக் கத்தி முனையால் எடுத்துத் தட்டில் வைத்துவிடுவார். உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு பக்கம், போனவர்களுக்கு ஒரு பக்கம். பிறகு பூசையில் போனவர்களை மட்டும் உரக்க வாசிப்பார். வாரா வாரம் கேட்டுக் கேட்டு, எந்த வீட்டில் யார் யார் செத்தார்கள் என்பது ஊருக்கே வாய்ப்பாடாகப் பாடம்.

"சிமியோன், சம்ஃபிரா, இலாரியே" என்று பாதிரியாரின் சளி கட்டிய குரல் வாசித்தது. மாமனார், மாமியார், ஆறு மாதக் குழந்தையாகவே போய்விட்ட மகன். அக்லயா கண் திறக்காமலே சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் சீட்டு அதோடு முடிந்துவிடும்.

"தொவாதெர்" என்றது குரல்.

பாதிரியாரே ஒரு கணம் நின்றார். பிறகு இருமிவிட்டு அடுத்த வீட்டுச் சீட்டுக்குப் போனார். ஆனால் அதற்குள் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை முக்காடிட்ட தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. அக்லயாவுக்குத் தூக்கம் போய், காலுக்குக் கீழே தரையும் போனது.

உயிரோடு இருப்பவன் பெயரை இறந்தவர் பக்கத்தில் எழுதுவது அந்த ஊரில் சின்ன விஷயமில்லை. ஆகாதவனைத் தீர்த்துக்கட்ட நினைக்கிறவர்கள் செய்கிற காரியம் அது. கத்தி வேண்டாம், விஷம் வேண்டாம். பாதிரியார் அறியாமல் அவர் வாயாலேயே மூன்று ஞாயிறு வாசிக்கவைத்தால் போதும், ஆள் எழமாட்டான் என்பார்கள். நம்பாதவர்களும்கூட எழுதும்போது பக்கத்தை இரண்டு முறை பார்த்துக்கொள்வார்கள். அதுவும் யார் எழுதியிருக்கிறாள்? பூசை அப்பம் பிசைகிறவள். பகையில்லாத கையால் பிசைய வேண்டியவள்.

பூசை முடிந்ததும் ருக்ஸாந்தா நேராக வந்தாள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவளுக்கு அவல் கிடைத்திருந்தது. ஆனால் அவள் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அண்ணி, எங்க அண்ணன் என்ன பாவம் பண்ணினான் உங்களுக்கு?"

"ருக்ஸாந்தா, கை தவறிடுச்சு."

"கை தவறுமா? ஆறு வருஷமா தவறாத கை இன்னிக்குத் தவறுமா? சலிச்சுப்போச்சுன்னா சொல்லுங்க, நான் தூக்கிட்டுப் போய் வச்சுக்கறேன். உயிரோட குழி தோண்டாதீங்க."

"நீ தூக்கிட்டுப் போவியா?" என்று அக்லயாவுக்கு வாய்வரை வந்தது. ஆறு வருடத்தில் ருக்ஸாந்தா அண்ணனுக்கு ஒரு தடவை முகம் துடைத்துவிட்டதில்லை. பண்டிகைக்குப் பண்டிகை வந்து கட்டிலோரம் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவாள். ஆனால் அக்லயா வந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள். ருக்ஸாந்தா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தாள். எந்தப் பக்கம் போகிறாள் என்று கேட்கவே வேண்டாம். தொவாதெரின் வீடு அந்தப் பக்கம்தான்.

ஓடிப் போய் முந்தியிருக்கலாம். அக்லயா ஓடவில்லை. முத்திரையைச் சுற்றி வைத்திருந்த துணிப்பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கோயிலின் பக்கவாசலுக்குப் போனாள்.

பாதிரியார் கவ்ரில் பூசைக் கிண்ணத்தில் மிஞ்சிய திராட்சை ரசத்தைக் குடித்து, கழுவி, துடைத்து வைத்துவிட்டு வெளியே வந்தார். மூக்கு சிவந்திருந்தது. இன்னும் இரண்டு ஊரில் நோயாளிகளைப் பார்க்கப் போகவேண்டும் அவர்.

"சாமி, இந்தாங்க."

"என்னம்மா இது?"

"முத்திரை. ருக்ஸாந்தாகிட்ட குடுத்துடுங்க."

அவர் வாங்கவில்லை. அங்கிருந்த மரப்பெட்டியின் மேல் பெருமூச்சோடு உட்கார்ந்தார். "காலையில நான்தானே அந்தச் சீட்டை முதல்ல வாசிச்சேன். தலைவலி மண்டைய பிளக்குது. வாய் பேரைச் சொல்லுது, கை துணுக்கு எடுத்து வைக்குது. தொவாதெருக்கும் எடுத்து அந்தப் பக்கம் வச்சேன். எனக்கே உறைக்கல. சத்தமா வாசிச்சப்பதான் உறைச்சுது."

"அப்பவாவது அதை எடுத்து இந்தப் பக்கம் வச்சிருக்கலாமே சாமி?"

"தேடினேன். எது அவரோடதுன்னு தெரியல. எல்லாம் ஒரே மாவு, நீங்க பிசைஞ்ச மாவு." அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கடைசியில எல்லாத்தையும் வழிச்சுக் கிண்ணத்துக்குள்ள தள்ளுவேன். இருபது வருஷமா தள்ளுறேன். இருக்கிறவங்க, போனவங்க எல்லாரும் ஒண்ணாத்தான் உள்ள போறாங்க. மிச்சத்தைக் குடிக்கிறவன் நான். ருசியில வித்தியாசம் ஒண்ணும் இல்லம்மா."

வேறொரு நாளாக இருந்தால் அந்த வார்த்தை அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும். அன்று போதவில்லை.

"தவறி எழுதியிருந்தா சரிதான் சாமி."

"தவறி எழுதலையா?"

"தெரியல." அக்லயா பொட்டலத்தின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நேத்து மாவைப் பிசைஞ்சு மூடி வச்சுட்டுச் சீட்டு எழுத உட்கார்ந்தேன். செத்தவங்க மூணு பேரை எழுதியாச்சு. மணி அடிச்சுது. போய்ப் பார்த்தா விரிப்பெல்லாம் நனைஞ்சு கிடக்கு. காலையில மாத்தின விரிப்பு. அவரைப் புரட்டிப் போடும்போது இடுப்புல சுளுக்குன்னு ஒரு வலி. அப்ப நினைச்சேன். ஆண்டவரே, போதும், எங்க ரெண்டு பேர்ல யாரையாவது ஒருத்தரை எடுத்துக்கோன்னு. வாய்விட்டுச் சொல்லல. ஆனா நினைச்சேன். அப்புறம் கை கழுவிட்டு வந்து, விட்ட இடத்துலேருந்து எழுதினேன். அவர் பேரு அங்க விழுந்திருக்கு."

பாதிரியார் கைக்குட்டையை மடித்து வைத்தார். "அவர் மேல பகையா?"

"பகை எங்க சாமி. அலுப்பு."

"பகையோட பிசையக்கூடாதுன்னு இருக்கு. அலுப்போட பிசையக்கூடாதுன்னு யாரும் எழுதி வைக்கல. வச்சிருந்தா இந்த ஊர்ல பூசையே நடக்காது. நானே நின்னுடுவேன்." அவர் எழுந்தார். "ஆனா முத்திரைய நான் வாங்கவும் முடியாது, வச்சுக்கோங்கன்னு சொல்லவும் முடியாது. பேருக்கு உரியவர் வீட்டுல இருக்கார். அவர்கிட்ட சொல்லுங்க, இப்ப என்கிட்ட சொன்ன மாதிரி. அவர் வேண்டாம்னார்னா அடுத்த வாரம் ருக்ஸாந்தா பிசையட்டும்."

அவளுடைய சீட்டையும், ஆசீர்வாத ரொட்டித் துண்டுகள் இரண்டையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பூசைக்குப் போனவர்களுக்கு ஒன்று, போக முடியாதவர்களுக்கு ஒன்று. அதைத் தின்றுவிட்டுத்தான் வேறெதையும் வாயில் வைக்க வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தொவாதெர் அவள் திரும்பும்வரை பட்டினியாகவே கிடப்பான்.

வீடு வரை அரை மைல். அந்தச் சேற்றில் அது எத்தனையோ மைல். முத்திரை போய்விட்டால் சனிக்கிழமைப் பிற்பகல் போய்விடும் என்பதுதான் அவள் மனதில் திரும்பத் திரும்ப வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் மணி அடித்தாலும், "மாவுல கை இருக்கு!" என்று அவள் கத்தலாம். உயிர் போகிற அவசரமில்லை என்றால் அவன் பொறுத்துக்கொள்வான். கடவுள் வேலை அல்லவா? அந்த நேரத்தில் யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. மாவு மட்டும் அவள் கையில் இருந்தது, சூடாக, பேசாமல். கடவுளை அவள் கோயிலில் பார்த்ததில்லை, அங்கே தூங்கிவிடுவாள். பார்த்தது என்றால் அந்த மாவில்தான்.

வீட்டு வாசலில் ருக்ஸாந்தாவின் சேற்றுக் காலணி கிடந்தது. உள்ளே அழுகைச் சத்தம்.

கட்டிலோரம் ருக்ஸாந்தா அண்ணனின் செத்துப்போன வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொவாதெர் தலையணையில் சரிந்து கிடந்தான். அக்லயா உள்ளே வந்ததும் அவன் முகத்தின் நல்ல பாதி அவளைப் பார்த்தது. அவன் வார்த்தைகள் மென்று துப்பியவை மாதிரி வரும். வீட்டு மனிதர்களுக்கு மட்டும்தான் புரியும்.

"வந்துட்டியா? என் பேர்ல பந்தி எப்போ? செத்தவனுக்குப் படைக்கிற வேகவச்ச கோதுமை கூடவா கிடையாது?"

"சிரிக்காதே அண்ணா," என்றாள் ருக்ஸாந்தா. "உன்னைக் கோயில்ல வாசிச்சுட்டாங்க, ஊரே கேட்டுச்சு. உனக்குச் சிரிப்பா வருது?"

"பாதி முகம்தான் சிரிக்குது. மீதிப் பாதி துக்கம் அனுஷ்டிக்குது."

அக்லயா சிரிக்கவில்லை. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். முன்னால் ருக்ஸாந்தா இருக்கிறாளே என்று நினைத்தாள். இருக்கட்டும் என்றும் நினைத்தாள். பாதிரியாரிடம் சொன்னது எல்லாவற்றையும் அப்படியே சொன்னாள். மணி, நனைந்த விரிப்பு, இடுப்பு வலி, போதும் என்று நினைத்தது, யாரையாவது ஒருத்தரை என்று கேட்டது. எதையும் குறைக்கவில்லை.

சொல்லி முடித்தபோது ருக்ஸாந்தா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "கேட்டியா அண்ணா? அவங்க வாயாலயே சொல்றாங்க."

தொவாதெர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். இப்போது நல்ல பாதியிலும் சிரிப்பு இல்லை.

"நான் தினம் கேக்கறேன்," என்றான். "எடுத்துக்கோ எடுத்துக்கோன்னு. நீ ஒரு நாள் கேட்டதுக்கு என்ன இப்போ?"

அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது.

"அண்ணா, நான் அதுக்குச் சொல்லல. அந்த முத்திரைய வச்சுக்கிட்டு இனிமே இவங்க எப்படி..."

"ஓ, முத்திரையா?" நக்கல் திரும்பி வந்துவிட்டது. "ஏய் ருக்ஸாந்தா, யோசிச்சுப் பாரு. அரை விதவைக்கு முத்திரை கூடாதுன்னுதானே ஊர்ல சொல்லிட்டுத் திரிஞ்சே? இப்ப பாதிரியாரே என்னைச் சாகடிச்சு வாசிச்சுட்டாரு. இவ முழு விதவை ஆயாச்சு. இப்பதான் அப்பம் சுட முழுத் தகுதி. நீ வீட்டுக்குப் போ. செத்தவனுக்குப் பசிக்குது."

ருக்ஸாந்தா கோபமாக எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். அந்த மேலங்கியின் தோள்கள் எவ்வளவு தொங்கிப் போயிருக்கின்றன என்பதை அப்போதுதான் பார்த்தாளோ என்னவோ, "புதன்கிழமை விரிப்பெல்லாம் எடுத்து வைங்க, நான் வந்து துவைச்சுத் தரேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். வருவாளா என்பது புதன்கிழமைதான் தெரியும்.

அக்லயா காகிதப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு ரொட்டித் துண்டை அவன் இடது கையில் வைத்தாள். அவன் அதை நெற்றியில் தொட்டுக்கொண்டு மெதுவாகத் தின்றான். போர்வையில் விழுந்த பொடியை விரல் நுனியால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அதில் ஒன்றுகூடத் தரையில் விழக்கூடாது.

"நீயும் தின்னு."

"தின்னுக்கறேன். சோளக்களி கிண்டணும், அவரைக்கொட்டை வேகவைக்கணும்."

"உட்கார்ந்து தின்னு. அந்தச் சீட்டைக் குடு, பார்ப்போம். செத்தவன் கையெழுத்து எப்படி இருக்குன்னு."

"என் கையெழுத்துதான் அது," என்று சொல்லிக்கொண்டே சீட்டைக் கொடுத்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தன் துண்டை மென்றாள்.

அவன் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக உதட்டசைத்து வாசித்தான். "அப்பா. அம்மா. நம்ம பையன். நான். நல்ல கூட்டம்தான், பரவாயில்ல." சீட்டைத் திருப்பினான். "கவ்ரில் சாமி. இத்தாலியில வேலை செய்யுற நம்ம மக தொம்னிகா. மருமகன். அட, ருக்ஸாந்தாவையும் எழுதியிருக்கே, அதுவும் உயிரோட இருக்கிறவங்க பக்கம்!"

அப்புறம் சீட்டை மறுபடி திருப்பினான். முன்பக்கம் பார்த்தான். மறுபடி பின்பக்கம் பார்த்தான்.

"உன் பேரு எங்க?"

"என் பேரா?"

"தொம்னிகா இருக்கா, அவ புருஷன் இருக்கான். நீ எங்க?"

"நான்தானே எழுதறவ."

"எழுதறவ உயிரோட இல்லையா?"

அக்லயா யோசித்துப் பார்த்தாள். போன வாரம் எழுதினாளா? அதற்கு முந்தின வாரம்? நினைவில்லை. ஆறு வருடமாக அவள் பிசைந்த அப்பத்திலிருந்து ஊரில் உள்ளவர்கள் எல்லாருக்கும் துணுக்கு போயிருக்கிறது. அந்தத் தட்டில் இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் போனது தான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தோன்றியபோது, கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வாயில் இருந்த ரொட்டியை விழுங்க மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பென்சிலை எடு," என்றான் தொவாதெர்.

"உங்களுக்கு இடது கையால எழுத வராது."

"செத்தவன் எழுதினா கோணலாத்தான் இருக்கும். எடுன்னா எடு."

அலமாரியிலிருந்து பென்சிலை எடுத்துக் கொடுத்தாள். சீட்டுக்கு அடியில் களி கொட்டுகிற பலகையை அணைகொடுத்தாள். "முதல்ல உங்க பேரை அந்தப் பக்கம் அடிச்சுட்டு இந்தப் பக்கம் எழுதுங்க" என்றாள். "அது இருக்கட்டும், சாமி எல்லாத்தையும் ஒரே கிண்ணத்துலதானே தள்ளறாரு" என்றான் அவன். பாதிரியார் சொன்னதை அவள் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அந்த ஊரில் பிறந்தவனுக்கு அது தெரியாதா என்ன?

உயிரோடிருப்பவர்கள் பக்கத்தில், ருக்ஸாந்தாவுக்குக் கீழே, முதல் எழுத்தைப் போட அவனுக்கு வெகுநேரம் ஆனது. பென்சில் இரண்டு முறை நழுவிப் போர்வையில் விழுந்தது. நாக்கை நீட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி மூச்சுவாங்கி எழுதினான். மூன்றாவது எழுத்துக்கு அவன் வருவதற்குள் நாற்காலியிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. அக்லயா மேலங்கியோடு, சேற்றுக் காலணியோடு, மடியில் முத்திரைப் பொட்டலத்தோடு தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.

தொவாதெர் எழுதி முடித்தான். அது அக்லயா என்பது அவனுக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும். பாதிரியாருக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். தலையணை முதுகிலிருந்து நழுவியிருந்தது. தாகமாகவும் இருந்தது. அவன் கை பழக்கத்தில் மணியை எடுத்தது. எடுத்தவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு மணியின் நாக்கு ஆடாதபடி இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, சத்தமே வராமல், போர்வைக்கு அடியில் வைத்தான்.